ஒண்ணும் ஆகாது அப்பச்சி

பொங்கலுக்குச் செட்டிநாட்டு அரியக்குடிக்கு வந்து நிற்கும் கார்களில் எது அவருடையது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மற்ற கார்களிலிருந்து முதலில் பெட்டி இறங்கும். அவர் காரிலிருந்து முதலில் ஒரு பிள்ளை இறங்கும், அதுவும் ஜன்னல் வழியாக. இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்து, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் தரையில் விடுவார். "கதவைத் திறந்தா ஆகாதா?" என்று திண்ணையிலிருந்து யாராவது கேட்டால், "கதவு வழியாத்தான் எல்லாரும் இறங்குறாங்களே" என்பார். காருக்குள் அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கும்பிடுகிறாரோ என்று தோன்றும். கும்பிடத்தான் செய்கிறார்.

பெயர் வேண்டாம். ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற மூன்று பேருக்கும் வருத்தம் வரும். 'ஒண்ணும் ஆகாது அப்பச்சி' என்றால் யாருக்கும் புரியும். (இங்கே அப்பச்சி என்றால் அப்பா.) பிள்ளை மதில்மேல் நிற்கும்போது அவர் சொல்வது, "ஒண்ணும் ஆகாது." மதிலும் பிள்ளையோடு சேர்ந்து ஆடும்போது, "அதான் ஒண்ணும் ஆகாதுங்கிறேனே." விழுந்து முழங்கால் சிராய்த்து அழுதுகொண்டு வந்தால், "பாத்தியா, ஒண்ணும் ஆகலை."

இத்தனைக்கும் மனிதர் அசட்டுத் துணிச்சல்காரர் இல்லை. சென்னையில் ஆடிட்டர். எதில் கையெழுத்துப் போடுவதானாலும் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் போடுவார். கேஸ் மூடியாயிற்றா என்று ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பார். முந்தாநாள் தயிரைத் தொடமாட்டார். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஆயுளுக்கு, உடம்புக்கு, வீட்டுக்கு, காருக்கு என்று காப்பீடு இல்லாத சாமான் அவரிடம் எதுவும் கிடையாது. இவ்வளவு ஜாக்கிரதையும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கேயோ ஓடிவிடும். அவருக்கு வேண்டியது ஆபத்தல்ல, அதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்க நாலு பேர். பிள்ளைகள் பக்கத்தில் இல்லையென்றால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்ப்பக்கமே போகமாட்டார். உயரத்திலிருந்து கீழே பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம்.

இந்த ஊரில் பிறந்த ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு ஒரு வரிசை வகுத்துக் கொடுத்தார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுவென்று சில கீர்த்தனைகள், பிறகு ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா. இன்றும் மேடைகளில் பெரும்பாலும் அதே பாதைதான். நம் அப்பச்சியும் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுப்பதில்லை. விடிந்ததும் வர்ணம்: கைக்குழந்தையை முற்றத்து வளவுத் தூணின் பாதி உயரத்துக்குத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. அடுத்து விறுவிறு உருப்படி: மொபெட்டில் முன்னால் பையன் நிற்க, பின்னால் மகள் உட்கார, திருவேங்கடமுடையான் கோயில்வரை சவாரி. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஹெல்மெட் வேண்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது. அதைச் சொன்னால், "பையனுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு. வண்டி நாப்பதைப் பார்த்துப் பத்து வருஷம் ஆச்சு" என்று இரண்டு ஷரத்தையும் ஒரே மூச்சில் தள்ளுபடி செய்வார். மத்தியானம் பல்லவி, அது என்ன என்பது அன்றன்றைக்கு அவர் கற்பனையைப் பொறுத்தது. ராத்திரி துக்கடாவாக, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் ஏந்திக் காட்டுவார்.

ஒரு பொங்கலில் பல்லவிக்கு எடுத்துக்கொண்டது குத்துவிளக்கை. அரியக்குடி விளக்குக்குப் பேர்போன ஊர். மனைவி கல்யாணச் சீரில் வந்த ஐந்துமுக விளக்கு, இடுப்புயரம், வளவில் நின்றது. அதை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் பந்தயம். குத்துவிளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. பீடம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுப் பூட்டுவது. முதல்நாள் புளி போட்டுத் துலக்கியவர்கள் மரையை முழுக்கத் திருகவில்லை. தண்டு அவரோடு மேலே போயிற்று. பீடம் மட்டும் கீழேயே இருக்கிறேன் என்றது, ஆனால் இடுப்புயரம் வந்தபிறகுதான் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அப்பத்தா காலை இழுத்த வேகம் எண்பது வயதுக்காரி வேகமில்லை. அடி முழுக்க ஆத்தங்குடிக் கல்லுக்குப் போயிற்று. அந்தக் கல் சூளையில் வெந்து வருவதல்ல. கண்ணாடிமேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் வைத்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. தலைமுறைக் கணக்கில் மிதித்தாலும் பளபளக்கும். மேலிருந்து பித்தளை விழுந்தால் வேறு கதை. நடுப்பூவில் குறுக்கே ஒரு கீறல்.

"ஒண்ணும் ஆகலை ஆத்தா, கல்லுதான்" என்றார்.

"டேய், அடுத்த தடவை என் காலைப் பாத்துத்தாண்டா அதைச் சொல்லுவே" என்றார் அப்பத்தா.

மடக்கிக் கேட்டால் தன் தாத்தாவான ஐயாவின் கதையை எடுப்பார். "எங்க ஐயா பன்னெண்டு வயசுல கப்பலேறி ரங்கூன் போனவரு. நாம என்னடான்னா படியில ஓடாதேங்கிறோம்." கதை பொய்யில்லை. அந்தக் காலத்தில் அரைக்கால் சட்டை வயதிலேயே 'கொண்டுவிக்க'ப் புறப்பட்டு, பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்தவர்கள் செட்டிநாட்டில் ஏராளம். ஆனால் மனைவிக்கும் பதில் தயாராக இருக்கும். "உங்க ஐயா வட்டிக் கணக்கு எழுதப் போனாரு. கப்பல் கைப்பிடிமேல நடந்து காட்டவா போனாரு?"

அதுதான் சரியான கேள்வி. அந்த ஐயாக்கள் ஈடு பார்க்காமல் ஓரணா கொடுக்கமாட்டார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் போய், கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறையக் கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் அத்தனையையும் போட்டுவிட்டு உயிர் தப்பினால் போதுமென்று கிளம்பினார்கள். எத்தனையோ பேர் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள். ஈடு வாங்கி, பேரேடு எழுதி, ஐந்தொகை பார்த்தவர்களுக்கே அந்தப் பாடு. ஈடே இல்லாமல் பிள்ளையை அந்தரத்தில் விடுகிறவரின் கணக்கை எந்த ஆடிட்டர் பார்ப்பது?

பார்த்தால் ஒன்று தெரியவரும். பிள்ளைகள் கெக்கலிப்பது, "அப்பச்சி, இன்னொரு தடவ!" என்று காலைக் கட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பாமார்களை ஏளனமாகப் பார்ப்பது எல்லாம் அவர் பெயரில் வரவு. வயிற்றைப் புரட்டுவது, ராத்திரி விழிப்பு, பிள்ளைகளிடம் "வேணாங்கிற அம்மா" என்ற கெட்ட பெயர் எல்லாம் மனைவி பெயரில் பற்று. ஒரே வீடு, ஒரே நிகழ்ச்சி, ஆனால் இரண்டு பேரேடு. கல்யாணமானதிலிருந்து இரண்டையும் சேர்த்து ஒருமுறைகூட ஐந்தொகை எடுத்ததில்லை.

உலகத்தில் இவருக்குப் பெரிய பெரிய பங்காளிகள் உண்டு. நயாகராவைக் கயிற்றில் நடந்து கடந்த பிளாண்டின், 1861இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தன் சின்ன மகளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கயிற்றின்மேல் தள்ளிக்கொண்டு போனார். உள்துறை அமைச்சரே தலையிட்டு, பிள்ளையை ஏற்றக் கூடாது என்று நிறுத்தவேண்டி வந்தது. மைக்கேல் ஜாக்சன் 2002இல் பெர்லின் ஹோட்டல் மாடியிலிருந்து கைக்குழந்தையை வெளியே நீட்டிக் காட்டினார். கீழே ரசிகர்கள், உலகமெங்கும் தாய்மார்களுக்கு நெஞ்சடைப்பு. அரியக்குடியில் உள்துறை அமைச்சர் பொறுப்பு அப்பத்தாவிடம் இருக்கிறது.

போதாக்குறைக்கு ஒரு நாள் அவருக்கு அறிவியலும் கிடைத்துவிட்டது. நார்வேயில் எல்லன் சான்ட்செட்டர் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் தேடிப்போகும் அபாய விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவி, நீர் நெருப்பு மாதிரி ஆபத்தான இடம், கட்டிப்புரளுதல், கண்மறைவாய்ப் போய்த் தொலைதல். பிள்ளை வளர இதெல்லாம் ஓரளவு வேண்டும் என்பது அவர் கட்சி. அப்பச்சி இதை லைசென்ஸ் மாதிரி எல்லாரிடமும் காட்டினார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்க விளையாடணும்னுதானே அந்தம்மா சொல்லியிருக்கு, நீங்க விளையாடணும்னு எங்க இருக்கு?" என்றார். அந்தப் பட்டியலில் ஆறாவது வகையைத்தான் அப்பச்சி அதுவரை தொடாமல் வைத்திருந்தார்.

தை மூன்றாம் நாள். சிராவயலில் மஞ்சுவிரட்டு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் இருக்கிறது ஊர். தொழுவிலிருந்து அவிழ்த்துவிடும் மாடு ஒருபக்கம் இருக்க, சுற்றிலும் பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். எது எந்தப் பக்கம் பாயும் என்று மாட்டுக்கே தெரியாது. பிடிக்கப் போனவனைவிட வேடிக்கை பார்க்கப் போனவனுக்குக் குத்து விழுவது அங்கே சகஜம். உயிர் போனதும் உண்டு. "ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துர்றோம்" என்று அப்பச்சி ஆரம்பித்ததுமே மனைவி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "எங்கயும் போகவேணாம். வீட்டுக்குள்ள பிள்ளைங்களோட என்ன வேணும்னாலும் விளையாடுங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிற்பாடு அவர் தன்னையே நொந்துகொண்டார்.

காலையில் குளிக்கிற சாக்கில் ஊருணிக்குப் போய், மேல்படியிலிருந்து குதித்துக் காட்டியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்திருந்தது. திரும்பும்போது தோளில் ஒரு பிள்ளை, முதுகில் ஒன்று. துண்டும் செருப்பும் படியிலேயே தங்கிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து கண்ணாமூச்சி தொடங்கியது. செட்டிநாட்டு வீட்டில் கண்ணாமூச்சி என்பது சாமானியமான காரியமில்லை. முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். வளவைச் சுற்றிப் பங்காளிகளில் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் அறை, அவரவர் பூட்டு, அவரவர் சாவி. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்து திறந்து, புள்ளிக்கு ஒரு பானை பொங்கி, மறுபடி பூட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஒரு பங்காளி வீட்டார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அறை திறந்து கிடந்தது. உள்ளே சீர்ச்சாமான்கள் குவியலுக்குள் ஒரு பித்தளை அண்டா, கல்யாணத்துக்குச் சாதம் வடித்துக் கொட்டுவது. நாற்பத்தைந்து வயது ஆடிட்டர் அதற்குள் இறங்கி, குத்துக்காலிட்டு, மூடியைத் தலைமேல் இழுத்துக்கொண்டார்.

பங்காளி வீட்டு ஆச்சி கதவைச் சாத்தியது அவருக்குக் கேட்டது. நாதாங்கி விழுந்ததும் கேட்டது. பூட்டு 'ளக்'கென்றதும் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெளியே எட்டு வயது மகள் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குமுன் எல்லா ஆட்டத்திலும் அவரை அவுட் ஆக்கியவள் அவள். கத்தினால் இதிலும் அவுட். முதலில் ஜெயித்துவிடுவோம், கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒண்ணும் ஆகாது.

ஜெயித்தாயிற்று என்று அவர் முடிவுசெய்தபோது கால் மரத்துப்போயிருந்தது. எழ முடியவில்லை. கத்தினார். தெருமுனையில் பொங்கல் விழாக் குழாய் ஒலிபெருக்கி அதைவிட நன்றாகக் கத்திக்கொண்டிருந்தது. பர்மாத் தேக்குக் கதவு ஒன்றும், முழ அகலச் சுவர் நாலும் மிச்சத்தைக் குடித்துவிட்டன.

வெளியே அரை மணி நேரம்வரை யாரும் கவலைப்படவில்லை. எங்கேயாவது உத்தரத்தில் தொங்குவார் என்று விட்டுவிட்டார்கள். மகள் மட்டும், "அப்பச்சி அழுகுணி ஆட்டம் ஆடுறாரு" என்று புகார் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போது தெருப் பையன் ஒருவன் ஊருணிப் படியில் கிடந்தது என்று துண்டையும் செருப்பையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான்.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. மனைவி கூச்சல் போடவில்லை. செருப்பைக் கையில் எடுத்து, இடது வாரில் தாமே சொல்லிப் போட வைத்த தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்பத்தா, "காலையில வந்துட்டானே, பொங்கச் சோறு நாந்தானே போட்டேன்" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். திரும்பவும் போயிருப்பானோ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த 'திரும்பவும்' போதுமானதாக இருந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. இளவட்டங்கள் ஊருணியில் குதித்தார்கள். முங்கி முங்கித் தேடியதில் ஒரு செம்பும் இரண்டு கிரிக்கெட் பந்தும் கிடைத்தன. யாரோ 101ஐ அழைக்க, காரைக்குடியிலிருந்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. ஊரே கரையில் நின்றது.

வீட்டில் இருந்தது மகள் ஒருத்திதான். பெரியவர்கள் ஊருணிக்கு ஓடியதில் அவளுக்கு உடன்பாடு இல்லை. ஊருணியில் ஒளியக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி. அப்பச்சி அழுகுணி ஆடுவார்தான், ஆனால் விதியை மீறமாட்டார். தோற்றுவிட்டதாக அவள் இன்னும் சொல்லவும் இல்லை. வளவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் காதை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கதவுக்குள்ளிருந்து 'டொங்' என்று பித்தளைச் சத்தம் திரும்பி வந்தது.

"அப்பச்சி அவுட்!"

"நான் அப்பவே கத்திட்டேன். அதனால இது செல்லாது" என்றது அண்டா.

பூட்டிய பங்காளி வீட்டார் அதற்குள் புதுக்கோட்டை தாண்டிக் கீரனூரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "பூட்டுறப்ப உள்ள யாரோ தும்முனாப்புல இருந்துச்சு. பெருச்சாளின்னு நெனச்சேன்" என்றார் அந்த ஆச்சி. பூட்டை வெட்டலாமா என்று பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். கோலாலம்பூர்ப் பங்காளி, பூட்டை வெட்டலாம், கதவில் கீறல் படக் கூடாது என்றார். கோயம்புத்தூர்ப் பங்காளி, புள்ளிக்காரர் இல்லாமல் அறையைத் திறப்பதால் உள்ளே இருக்கிற சாமானுக்குப் பட்டியல் எடுத்துவிட்டுத் திறப்பது நல்லது என்று எழுதினார். அதற்குச் சென்னையிலிருந்து ஒருவர், "உள்ளே இருப்பவரே ஆடிட்டர். அவரையே எடுக்கச் சொல்லுங்கள்" என்று போட்டார். கும்பிடும் கை படம் பதினேழு வந்தது.

தீயணைப்பு வீரர்கள் ஊருணியிலிருந்து நேரே வளவுக்கு வந்து பூட்டை வெட்டினார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே தலையும் முழங்காலும் ஒரே மட்டத்தில் இருந்தன. தூக்க வரவில்லை. அண்டாவோடு சாய்த்து உருட்டி, கீறல் விழுந்த ஆத்தங்குடிக் கல்வரை கொண்டுவந்துதான் அவரை உருவி எடுக்க முடிந்தது. அப்பத்தா கைத்தடியால் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, பிறகு அதே முதுகைத் தடவினார். மனைவி அருகில் வந்து செருப்பை அவர் காலடியில் ஜோடியாக வைத்தார்.

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவர் மனைவி முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிவிட்டார். அந்த வாக்கியம் பாதியில் நின்றதை வீட்டில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

நிற்கவும் செய்தது, ஒரு காப்பி நேரத்துக்கு. வந்தவர்களுக்கெல்லாம் காப்பியும் சீப்புச் சீடையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மெல்ல நொண்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பிள்ளைகள் சிவப்பு வண்டியைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இந்த ஏணி எவ்வளவு உயரம் போகும்?" என்று கேட்டார்.

அலுவலர் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் கையில் காப்பி டம்ளரைத் திணித்து, "அதை மட்டும் இவர்கிட்ட சொல்லிராதீங்க தம்பி" என்றார்.